பதினேழாம் நம்பர் சோடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தமாகச் சொல்லுகிற கதை இல்லை. ஒருத்தி மனசுக்குள்ளே, ஒரு மத்தியானம், ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடினது, அவ்வளவுதான். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு, ஒரு பொம்பளை சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, அதன் மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஜன்னலை அடைத்துப் பொருத்தின ஒரு ஏசி. வானத்தில் சுற்றுகிற ஒரு கருவி நட்சத்திரங்களை எக்ஸ்ரேயில் பார்த்து அனுப்புவதை இறக்கி, சலித்து, எண்ணி வைப்பதுதான் அந்த அறையின் வேலை. ஒரு மேசை இசக்கியம்மாளுடையது, நாற்பத்தாறு வயது, பேச்சு குறைவு. மற்றது லிகோரியுடையது, அவளைவிட இரண்டு வயது இளையவன், மணப்பாட்டுக்காரன், பதினோரு வருஷமாக அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். இப்போது அவன் நாற்காலி காலி. மணி பன்னிரண்டே முக்கால். இசக்கி தயிர்ச்சோற்றில் விரலை வைத்தவள் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையில் ஒரு நட்சத்திரம், அவர்கள் பட்டியலில் பதினேழாம் நம்பர். அது நட்சத்திரம் மாதிரி இல்லை, உளுந்துவடை மாதிரி இருக்கிறது. சுற்றி வெளிச்சம், நடுவில் ஓட்டை. எந்த ஊர் நட்சத்திரத்துக்கும் நடுவில்தான் வெளிச்சம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போக மங்கும். ஓரம் இவ்வளவு இருக்கிறது, நடு இல்லை. அப்படியென்றால் நடுவை யாரோ எடுத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ. இந்த அறைக்குச் சாவி இரண்டு, ஒன்று இவள் இடுப்பில் இருக்கிறது. பன்னிரண்டரைக்கே கோமதி மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. மேடம்தான் இந்த வேலைக்கெல்லாம் தலைவர். மேடம் சத்தம் போடவில்லை. எழுத்தில் கொடு, இரண்டரை மணிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிற கூட்டம், லிகோரியின் பெயரும் இருக்கிறது, அதற்குமுன் என் கைக்கு வரவேண்டும் என்றார்கள். கடிதம் எழுதியாகிவிட்டது. பதினேழாம் நம்பரின் நடுவிலிருந்து சுமார் முப்பத்திரண்டாயிரம் துளிகள் நீக்கப்பட்டுள்ளன, நீக்கியவர் திரு. லிகோரி என்று நம்ப இடமிருக்கிறது. அனுப்பவேண்டியதுதான் பாக்கி. அனுப்பினால் அவனுக்கு வேலை போய்விடும்.

துளி என்று அவர்கள் சொல்வது எக்ஸ்ரேயைத்தான். நம் கண்ணுக்கு வருகிற வெளிச்சம் வெள்ளம் மாதிரிக் கொட்டும், எக்ஸ்ரே அப்படி இல்லை, ஒழுகுகிற குழாய் மாதிரி ஒவ்வொரு துளியாக வரும், எந்த விநாடி, எந்த இடம் என்று ஒவ்வொன்றையும் குறித்து வைக்கலாம். அப்படிக் காத்துக்கிடக்கிறதற்கு அவர்களுக்கு இருபத்துமூன்று சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று செத்த நட்சத்திரம், எரிந்து முடிந்து சுருங்கிப்போனது. நம் பூமி அளவுதான் இருக்கும், ஆனால் சூரியனின் கனம் அதற்குள் இருக்கிறது. வெள்ளைக் குள்ளன் என்று அதற்குப் பேர். பக்கத்திலேயே இன்னொன்று, உயிரோடு இருப்பது, உப்பிப்போய். செத்தது சும்மா இருக்காது. உயிரோடு இருப்பதன் மேல்வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டே இருக்கும். ஆயிரம் வருஷம் இழுக்கும், பத்தாயிரம் வருஷம் இழுக்கும், போர்வை கனத்து, அடியில் சூடேறி, ஒருநாள் மொத்தமும் ஒன்றாய்ப் பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றலில் முதலில் வருவது எக்ஸ்ரே, சில மணி நேரம் மட்டும். அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வரும், ஊரில் கேமரா வைத்திருக்கிறவன் எல்லாம் புது நட்சத்திரம் புது நட்சத்திரம் என்பான். அந்த முதல் சில மணி நேரத்தைப் பிடிக்கத்தான் பதினோரு வருஷம். இதுவரை ஒன்றும் இல்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு துளி, ஒரு நிமிஷத்துக்கு ஒரு துளி, அதுவும் எத்தனையோ நாள் வராது. நட்சத்திரத்துக்கு எங்கே எலும்பு முறிஞ்சிருக்குன்னு இன்னுமா கண்டுபிடிக்கல என்று இசக்கியின் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் கேட்பார், அவளும் சிரித்துவைப்பாள். இன்றைக்குக் காலையில் லிகோரி முதலில் வந்திருக்கிறான். இவள் பதினொன்றேகாலுக்கு, பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். பதினேழு எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, ஒண்ணும் இல்லக்கா, வழக்கம்போலத்தான் என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வழக்கம்போலத்தான் என்று சொல்லுகிறவன் திரையை எதற்கு அணைத்தான்? மகளுக்கு மாதா கோவிலில் புதுநன்மை, முதல் தடவையாக அப்பம் கொடுக்கிறார்கள், வெள்ளைக் கவுனுக்கு அளவெடுக்கவேண்டும், மத்தியானம் லீவு என்று மேசையிடம் சொல்லிவிட்டுப் போனான். இவளிடம் சொல்லவில்லை, மேசையிடம்தான் சொன்னான்.

மேசையிடம் சொன்னான் என்பதிலேயே மனசு போய் மாட்டிக்கொண்டது. மேசை என்ன பண்ணும் பாவம். பதினோரு வருஷத்தில் ஒருநாள் அவன் இப்படிப் போனதில்லை. போகும்போது யக்கா வாரேன் என்பான், இவள் நிமிராவிட்டால் இன்னொரு தடவை வாரேன் என்பான். நாக்கு தன்பாட்டுக்குப் பின்பல்லுக்குப் போயிற்று, டாக்டர் அடைத்ததில் ஓரம் கூர்மையாக நிற்கிறது, நாக்கை எடுத்தாள், மறுபடி போயிற்று. போன வருஷம் எட்டாம் நம்பர் சோடியில் லேசாக ஒரு துடிப்பு தெரிந்ததே, இவர்கள் எழுதி முடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று அதையே எழுதிப் போட்டதே, அது எப்படி? அப்போது தற்செயல் என்று நினைத்தாள். லிகோரிதான் அதிகமாக வருத்தப்பட்டான், டீயைக்கூடக் குடிக்கவில்லை. அதிகமாக வருத்தப்பட்டான் என்பதே இப்போது யோசித்தால் ஒரு மாதிரி இருக்கிறது. தை மாதத்தில் அவன் அந்தக் குழுவுக்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். ஒளிக்கவில்லை, யக்கா இந்த இங்கிலீஷ் சரியா இருக்கா பாருங்க என்று கொண்டுவந்து காட்டினான். ஒளிக்காமல் காட்டுகிறவன்தான் நிஜமாக ஒளிக்கிறவன் என்று இப்போது தோன்றுகிறது. நடுவை எடுத்து அவர்களுக்கு அனுப்பியிருப்பான், ஓரத்தை இவளுக்கு விட்டிருப்பான், வடையைத் தின்றுவிட்டு ஓட்டையை இலையில் வைக்கிற மாதிரி. இல்லை, தப்பாகச் சொல்லுகிறாள், வடையை விட்டுவிட்டு ஓட்டையைத்தான் எடுத்திருக்கிறான், ஓட்டையை எப்படி எடுக்க முடியும், அந்தச் சொல்லே நிற்கமாட்டேன் என்கிறது. எத்தனை துளி போயிற்று என்பதைக் கடிதத்துக்காக அவளே கணக்குப் போட்டாள். நடு இல்லாவிட்டாலும் ஓரம் இருக்கிறது. ஓரத்தில் இவ்வளவு என்றால் நடுவில் எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று தெரிந்துவிடும், கோலத்தின் கரையைப் பார்த்தால் நடுவில் எத்தனை புள்ளி என்று சொல்லலாமே அப்படி. முப்பத்திரண்டாயிரம். பதினோரு வருஷத்தில் இருபத்துமூன்று சோடியும் சேர்ந்து அவளுக்குக் கொடுக்காதது. ஆத்திரத்தில் போட்ட கணக்கு, ஆனால் கை நடுங்கவில்லை. கை நடுங்காமல் ஒருத்தன் வேலையைப் பறிக்க முடிகிறதே என்று ஒரு நினைப்பு வந்து, உட்காராமல் போயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இவளும் பின்னால் இருந்த பேச்சித்தாயும் ஒரே கணக்கில் ஒரே தப்பைப் பண்ணியிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் இரண்டு தாளையும் பிடுங்கி, ரெண்டு பேருக்கு ஒண்ணுபோல வந்தா ஒண்ணு திருட்டு என்று வராந்தாவில் நிறுத்திவைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே டியூஷன் சார், தப்பு அவருடையது. அதை யாரிடம் சொல்ல? வராந்தாவில் நின்ற இரண்டு மணி நேரமும் இசக்கி பேச்சித்தாயைத்தான் சந்தேகப்பட்டாள். இவள் எப்போது என் தாளைப் பார்த்தாள் என்று.

ஒன்றரைக்கு டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கை கழுவி வந்தாள். சும்மா நம்ப இடமிருக்கிறது என்று எழுதினால் மேடம் கேட்பார்கள், எப்படி நம்ப என்று. அவன் செய்ததைக் கம்ப்யூட்டரே குறித்துவைத்திருக்கும், அதை எடுத்துக் கடிதத்தோடு கோர்த்துவிட்டால் அவன் வாய் திறக்க முடியாது. தேடினாள். காலை பத்து பன்னிரண்டு, லிகோரி. பார்த்தீர்களா, இருக்கிறது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, ஜெயித்த குளிர்ச்சி, அதை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவன் ஓட்டியது ஒரே ஒரு சல்லடை, வந்ததில் அழுக்கைப் பிரித்துத் தள்ளுகிற கம்ப்யூட்டர் நிரல். அதன் பெயர் இசக்கி இரண்டு. முதலில் கண் அதைத் தாண்டிப் போயிற்று, பிறகு திரும்பி வந்தது. என் பெயரை வைத்தே செய்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள், பழி என் தலையில் விழட்டும் என்று. அதை நம்பி அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது, அது அவளே எழுதினது, இந்த அறைக்கு வந்த முதல் வருஷம். வானத்திலிருந்து வேறு அழுக்கும் வரும். எங்கிருந்தோ பாய்ந்து வருகிற துகள் கருவியின் கட்டம் கட்டமான தட்டில் இடித்தால் ஒரே கட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்றாகப் பதியும். இவர்களுடைய சோடிகள் கொடுப்பதோ நிமிஷத்துக்கு ஒன்று. ஒரே கட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வருவதற்கு வழியே இல்லை. ஆகையால் இரண்டு சேர்ந்து வந்தால் அழுக்கு, தள்ளு என்று எழுதிவைத்தாள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்தச் சல்லடை முதலில் ஓடுகிறது, யாரும் அதை நினைப்பதுகூட இல்லை. தள்ளினது எங்கே போகும்? ஒரு கோப்பில் போய் விழும். அதை அவள் திறந்தே வருஷக்கணக்காயிற்று. திறந்தால் நாற்பது ஐம்பது இருக்கும், அங்கொன்று இங்கொன்றாகத் தெறித்து. இப்போது திறந்தாள். பதினாலாயிரத்துச் சொச்சம். தெறித்துக் கிடக்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில், உருண்டையாக, நெற்றிப்பொட்டு மாதிரி, பதினேழாம் நம்பர் எங்கே இருக்கவேண்டுமோ சரியாக அங்கே. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று, நாலு துளிகள் ஒட்டின கட்டி. ஏசி சத்தம் நின்ற மாதிரி இருந்தது, நிற்கவில்லை. இப்படி ஆகும் என்று புத்தகத்தில் அவளும் படித்தவள்தான், பாடம்கூட எடுத்திருக்கிறாள், அளவுக்கு மீறி வெளிச்சம் வந்தால் துளியின்மேல் துளி விழுந்து கட்டியாகும், நடு இருண்டு தெரியும் என்று. அது வசதியான நட்சத்திரங்களைப் பார்க்கிறவர்களுக்கு நடக்கிற சங்கடம் என்று விட்டுவிட்டாள். துளி துளியாய் எண்ணிப் பழகினவள் வீட்டில் ஒருநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது, கொட்டினதை அவளே அழுக்கென்று வாரி வெளியே தள்ளியிருக்கிறாள். பதினேழு பற்றிக்கொண்டது. இன்று காலை கருவியின் ஆறு மணிச் சுற்றில், யாரும் எடுக்காத நடுவோடு, பற்றிக்கொண்டது. அப்படியும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை பாருங்கள். அப்படியென்றால் அவன் ஏன் திரையை அணைத்தான்? ஏன் மேசையிடம் சொன்னான்?

இரண்டு பத்துக்கு மேடமே கூப்பிட்டார்கள், கடிதம் எங்கே என்று. இசக்கி சொன்னாள், மேடம் இது திருட்டில்லை, வெடிப்பு, நடுவெல்லாம் கட்டியாகி என் சல்லடையில் கிடக்கிறது, உடனே உலகத்துக்கு அறிவிக்கவேண்டும், இருட்டி மற்றவர்கள் கண்ணில் படுவதற்குள். பன்னிரண்டரைக்குத் திருடன் என்று சொன்னாய், இரண்டு மணிக்கு நட்சத்திரம் என்கிறாய், எதை நம்ப என்றார்கள். மேடமே மேலும் சொன்னார்கள், கட்டியில் எத்தனை துளி ஒட்டியிருக்கிறது என்று பிரித்துச் சொல்லமுடியாது, எண்ணிக்கை ஓரத்திலிருந்துதான் வரவேண்டும், அதையும் ஒருத்தர் போட்டால் போதாது. இரண்டு பேர், ஒருத்தர் கணக்கை ஒருத்தர் பார்க்காமல், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமல் போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட்டு அறிவிக்கமாட்டேன், நாளைக்கு ஊர் சிரிக்கும். லிகோரியைப் பற்றி நீ சொன்னது காதில் விழுந்துவிட்டது, அதையும் நான் கூட்டத்தில் மறைக்கமாட்டேன். இரண்டரைக்குள் ஏதாவது ஒன்று கொடு என்று வைத்துவிட்டார்கள். தனியாக எண்ணுகிறதற்கு இப்போது யார் இருக்கிறார்கள்? லிகோரிக்குப் போன் போட்டுச் சொன்னால் சொன்ன நிமிஷமே அது தனிக் கணக்கு இல்லை. சொல்லாமல் எண்ணு என்றால் எதற்கு என்பான். அவன் போனை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டான், வேண்டுமென்றே எடுக்கமாட்டான் என்று மனசு பழைய இடத்துக்கே போய் நின்றது, நாக்கு பல்லுக்குப் போன மாதிரி. மூன்றாம் தடவை எடுத்தான். பின்னால் தையல் மிஷின் சத்தம், ஒரு சின்னப் பிள்ளை பாவாடை குத்துது பாவாடை குத்துது என்கிறது. சொல்லுங்க என்றான், அக்கா என்று சேர்க்கவில்லை. காலையில என்கிட்ட ஏன் பொய் சொன்ன என்று கேட்டாள். தையல் மிஷின் தூரமாயிற்று, வெளியே வந்திருக்கிறான். அப்புறம் சொன்னான், "நடு இல்லாம இருந்துச்சு. ஓட்டினது நான்தான், ஆனா சல்லடை உங்க பேர்ல இருக்கு. விடிஞ்சதும் நீங்க வீட்ல இருந்து அதை மாத்தி வச்சு, நடுவை உங்களுக்குன்னு எடுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. உங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல." இசக்கிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. என்னையா சந்தேகப்பட்டான். பதினோரு வருஷம். அந்த வலி போய்த் தைத்துக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் வேறொன்று ஓடிற்று. யாரிடமாவது சொன்னாயா என்றாள். மேடத்துக்கு மெயில் எழுதினேன், அனுப்ப மனசு வரல, கிடக்கு என்றான். எப்போ எழுதினே? பதினொண்ணுக்கு முன்னாடி, நீங்க வாரதுக்குள்ள. அதில எத்தனை துளி போச்சுன்னு போட்டிருக்கியா? போட்டிருக்கேன், ஓரத்தை வச்சு. அவன் எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். "சொல்லாத" என்றாள் இசக்கி. "ஏ லிகோரி, வாயால சொல்லாத. அந்த மெயில அப்படியே எனக்கு அனுப்பு. ஒரு எழுத்து மாத்தாத." அவன் தயங்கினான். அதில் உங்களை ரொம்ப மோசமாக எழுதியிருக்கிறேன், வேண்டாம் என்றான். "என்னுதுல நீ திருடன்டே. அனுப்பு." இரண்டு இருபத்துமூன்றுக்கு வந்தது. எழுதிச் சேமித்த நேரம் காலை பத்து ஐம்பத்தைந்து. துளிகள் முப்பத்தோராயிரத்து அறுநூறு என்று இருந்தது. இவளுடையது முப்பத்திரண்டாயிரம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், இதைவிடத் தனியாக இரண்டு பேர் எந்த ஊரிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். எண்ணுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: இவர் தொடக்கத்திலிருந்தே எதையும் யாரோடும் பகிராதவர், இந்த அறையில் நான் இருப்பதையே பல நாள் மறந்துபோகிறவர். அதை இரண்டு தடவை படித்தாள். முகம் சுட்டது. தன் கடிதத்தை எடுத்தாள், அவன் கடிதத்தை அதன் பின்னால் வைத்தாள், இரண்டின் நேரமும் தெரிகிற மாதிரி, மேலே ஒரே ஒரு வரி போட்டாள்: பதினேழாம் நம்பர் வெடிப்பு, இருவர் தனித்தனியே எண்ணியது. மணி இரண்டு இருபத்தெட்டு. பகிராதவர் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நடுவிலிருந்து எடுத்துவிட்டால் மேடம் கண்ணில் படாது, எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கை அதன்மேல் போய் நின்றது. எடுக்கவில்லை. அப்படியே அனுப்பினாள்.